லேபிளில் ஓர் எண்

பெல்ஜியத்து பியர் மூன்றை நண்பர்களுடன் சுவைத்துப் பார்த்தேன். ஹூகார்டனில் கொத்துமல்லி விதையும் ஆரஞ்சுத் தோலும் சேர்ப்பார்கள்; வெயிலுக்கு இதமான, இலேசான புளிப்பு. லின்டெமன்ஸ் கிரீக் செர்ரிப் பழச்சுவை. பியர் என்றே தோன்றாது. துறவிகளின் மேற்பார்வையில் தயாராகும் நீல லேபிள் ஷிமேயில் உலர்திராட்சை, கருப்பட்டி வாசம். அதிகம் குளிரவைத்தால் அந்த வாசம் அடங்கிவிடும்.

மதுவின் அளவு முறையே 4.9, 3.5, 9 விழுக்காடு. 330 மில்லிலிட்டர் ஷிமே ஒரு போத்தல், ஏறக்குறைய இரண்டு போத்தல் ஹூகார்டனுக்குச் சமம். நாக்கு அதைச் சொல்லாது, லேபிள் சொல்லும். "ஒரு போத்தல்தானே" என்று கார்ச் சாவியை எடுப்பவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

என் ஓட்டு ஷிமேக்குத்தான். ஆனால் ஒரு போத்தலை இருவர் பகிர்ந்து, மெதுவாக. வீட்டுக்கு டாக்சியில்.