குட்டுகிற கைக்கு ஒரு கும்பிடு

'திருவிளையாடல்' படம் 1965-ல் வந்தது. சிவபெருமானே எதிரில் நின்றாலும் பாட்டில் பிழை பிழைதான் என்று நக்கீரர் அடித்துச் சொல்லும் காட்சிக்கு இன்றைக்கும் டி.வி. முன்னால் உட்கார்ந்து கைதட்டுகிறோம். பாட்டைத் தூக்கிக்கொண்டு வந்த தருமியின் புலம்பலுக்குச் சிரிக்கிறோம். எல்லாம் படத்தோடு சரி. நாம் எழுதியதில் யாராவது ஒரு பிழை சொல்லட்டும், பார்க்கலாம். அந்த நிமிடமே நக்கீரர் வில்லன் ஆகிவிடுவார்!

பெசன்ட் நகரில் எங்கள் குடியிருப்பில் ஒரு பையன் இருக்கிறான். இன்ஜினீயரிங் கடைசி வருஷம். உலகம் முழுக்க ஆட்கள் சேர்ந்து, இலவசமாக எழுதி, இலவசமாகவே கொடுக்கிற ஒரு டெக்ஸ்ட் எடிட்டரில் தமிழ் டைப் செய்யும்போது பேக்ஸ்பேஸ் சரியாக வேலை செய்யவில்லை என்று கண்டுபிடித்தான். பத்துப் பன்னிரண்டு வரியில் ஒரு திருத்தம் எழுதி அனுப்பினான். நல்ல காரியம். அங்கே அதைப் படித்துப் பார்க்கிறவர் நாலு கேள்வி கேட்டார். பையன் முகம் வாடிவிட்டது. அவன் அம்மா என்னிடம் கேட்டார்: "ஓசியில வேலை செஞ்சு குடுத்ததுக்கு இத்தனை கேள்வியா சார்? இந்தியாக்காரப் பசங்கன்னா இளக்காரமா?"

இளக்காரம் இல்லை அம்மா. மரியாதை. இந்த வாரம் உங்களிடமும் இதைத்தான் வாதாடப் போகிறேன்.

முதலில் அந்தக் கேள்விகளைப் பார்ப்போம். நான் காமர்ஸ் படித்தவன், நிரல் எழுதத் தெரியாது. ஆனாலும் பையன் விளக்கியதும் புரிந்தது. உங்களுக்கும் புரியும்.

'தமிழ்' என்பது நமக்கு மூன்று எழுத்து. கம்ப்யூட்டருக்கு யூனிகோடில் ஐந்து குறியீடு: த, ம, இகரக் கொக்கி, ழ, புள்ளி. அதையே யு.டி.எஃப்-8 முறையில் சேமித்தால் 15 பைட். பேக்ஸ்பேஸை ஒரு முறை தட்டினால் எது போகவேண்டும்? முழு எழுத்தா, கொக்கி மட்டுமா? கொக்கி மட்டும் போதும் என்று பையன் எழுதியிருந்தான். நியாயம்தான். 'மீ' அடிக்க நினைத்து 'மி' அடித்துவிட்டால் கொக்கியை மட்டும் எடுத்தால் போதுமே.

படித்துப் பார்த்தவர் கேட்டார்: 'கொ' என்ற எழுத்தை என்ன செய்வாய்? அதைக் கம்ப்யூட்டருக்குள் இரண்டு விதமாக வைக்கலாம். கொம்பும் காலும் சேர்ந்த ஒரே குறியீடாகவும் வைக்கலாம். கொம்பு தனி, கால் தனி என்று இரண்டாகவும் வைக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றுதான். பையனின் திருத்தப்படி பேக்ஸ்பேஸ் தட்டினால் முதலாவதில் 'க' மிஞ்சும், இரண்டாவதில் 'கெ' மிஞ்சும். டைப் செய்கிறவர் மண்டையைப் பிய்த்துக்கொள்வார். இது முதல் கேள்வி. இந்தி, மலையாளத்துக்கு இதே வரிகள் என்ன செய்யும் என்பது இரண்டாவது. நாளைக்கு வேறு யாராவது இதைக் கெடுத்தால் கண்டுபிடிக்க ஒரு சோதனை எழுதியிருக்கிறாயா என்பது மூன்றாவது. சம்பந்தமே இல்லாத இடத்தில் ஒரு பெயரை ஏன் மாற்றினாய் என்பது நாலாவது.

இதில் எது இளக்காரம்? சம்பளம் வாங்காத ஒருத்தர், முகம் தெரியாத ஒரு பையனின் பத்து வரிக்காகத் தமிழின் கொம்பையும் காலையும் படித்துவிட்டு வந்து கேட்டிருக்கிறார். நம் பிள்ளைகளின் ஃபைனல் இயர் புராஜெக்ட்டை அவர்கள் கல்லூரியில் இந்த அக்கறையோடு எத்தனை பேர் படிக்கிறார்கள்? நெஞ்சைத் தொட்டுச் சொல்லுங்கள்.

'பத்து வரிதானே, இதுக்குப் போய் இவ்வளவா?' என்று கேட்பவர்களுக்கு ஒரு புள்ளியின் கதை சொல்கிறேன். வரிகூட இல்லை, ஒரே ஒரு புள்ளி.

ஃபைல்களைச் சுருக்கி வைக்க 'எக்ஸ்இசட்' என்று ஒரு இலவச மென்பொருள் உண்டு. லினக்ஸ் கம்ப்யூட்டர்களில் பெரும்பாலும் இருக்கும். அதைப் பல வருஷமாகக் கட்டிக் காத்தவர் ஒரே ஒருத்தர். களைத்துப்போய்விட்டதாக 2022-ல் அவரே வெளிப்படையாக எழுதினார். 'ஜியா டான்' என்ற பெயரில் ஒரு ஆசாமி 2021-லிருந்து நல்ல பிள்ளையாகத் திருத்தங்கள் அனுப்பி, நம்பிக்கை சம்பாதித்து, பொறுப்பிலும் உட்கார்ந்துவிட்டார். 2024-ல் திருட்டுக் கதவு ஒன்றை உள்ளே வைத்தார். பாதுகாப்பு வேலி ஒன்றை எழுப்பலாமா என்று சோதிக்கும் இடத்தில் ஒரு புள்ளியையும் சொருகினார். அந்தப் புள்ளியால் சோதனை எப்போதும் தோற்கும். வேலி எழும்பவே எழும்பாது. கூடப் படித்துப் பார்க்க ஆள் இல்லை. 2024 மார்ச் கடைசியில் ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற பொறியாளர், தன் கம்ப்யூட்டரில் லாகின் ஆக அரை விநாடி கூடுதலாகிறதே என்று சந்தேகப்பட்டு நோண்டியதால் உலகம் தப்பித்தது.

'டெக்ஸ்ட் எடிட்டர்தானே, அதில் என்ன ஆபத்து' என்றும் சொல்லாதீர்கள். 'விம்' என்பது உலகப் புகழ்பெற்ற எடிட்டர். 2019-ல் அதில் ஒரு ஓட்டை வெளியே வந்தது. விஷமமாகத் தயாரித்த ஒரு ஃபைலைத் திறந்தாலே போதும், திறந்தவரின் கம்ப்யூட்டரில் அடுத்தவன் இஷ்டத்துக்குக் கட்டளைகள் ஓடும். அத்தனை வருஷம் அத்தனை பேர் பார்த்த எடிட்டருக்கே அந்தக் கதி. பார்க்கவே ஆள் இல்லாவிட்டால்?

அந்த விம்மை 1991-ல் வெளியிட்டவர் பிராம் மூலெனார் என்ற டச்சுக்காரர். 2023 ஆகஸ்டில் இறக்கும்வரை, சுமார் முப்பது வருஷம், விம்முக்கு வந்த திருத்தங்களைப் பார்த்துச் சேர்ப்பதை வாழ்நாள் வேலையாகவே வைத்திருந்தார். பயன்படுத்துகிறவர்களிடம் அவர் கேட்டதெல்லாம், முடிந்தால் உகாண்டாவின் ஏழைக் குழந்தைகளுக்கு உதவுங்கள் என்பதுதான்.

இப்படிப்பட்ட மனிதர்களுக்கு நம் ஊர் செய்கிற பதில் மரியாதை என்ன தெரியுமா? 2020 அக்டோபரில், நாலு திருத்தம் அனுப்பினால் டி-ஷர்ட் இலவசம் என்று ஒரு அமெரிக்க நிறுவனம் திருவிழா நடத்தியது. டி-ஷர்ட்டுக்காக 'அருமையான புராஜெக்ட்' என்று ஒரு வார்த்தையைச் சேர்த்து அனுப்பிய குப்பை, மலை மாதிரி குவிந்தது. நம் நாட்டு யூடியூப் வீடியோ ஒன்றும் அதற்குக் காரணம். நொந்துபோனவர்கள் கத்திய பிறகு, சம்மதித்த புராஜெக்ட்டுகளுக்கு மட்டும் என்று விதியை மாற்றினார்கள். 2024 பிப்ரவரியில் 'எக்ஸ்பிரஸ்' என்ற புராஜெக்ட்டுக்கு அடுத்த அடி. அதன் அறிமுகப் பக்கத்தில் தங்கள் பெயரைச் சேர்க்கச் சொல்லி நம் மாணவர்கள் கூட்டம் கூட்டமாக அனுப்பினார்கள். பாடம் நடத்திய வீடியோவில் செய்து காட்டியதை அப்படியே செய்தார்களாம்! மாமல்லபுரம் சிற்பத்தில் 'ரமேஷ் லவ்ஸ் சுதா' என்று கிறுக்குகிற அதே கை.

பசங்களை மட்டும் திட்டிப் பிரயோஜனம் இல்லை. 'எத்தனை பங்களிப்பு?' என்று எண்ணிக்கையைக் கேட்டு மார்க் போடும் கல்லூரியும், ரெஸ்யூமேவில் அதைத் தேடும் கம்பெனியும்தான் இந்த நோயை வளர்க்கின்றன. எழுதியவனை எண்ணுகிறோம். படித்துப் பார்த்தவரை யார் எண்ணுகிறார்கள்?

காமர்ஸ் வகுப்பில் முதலில் சொல்லிக் கொடுப்பது இது: வவுச்சர் எழுதுகிறவர் வேறு, சரிபார்க்கிறவர் வேறாக இருக்கவேண்டும். சரிபார்ப்பது பெயருக்கு நடந்தால் என்ன ஆகும்? 2009 ஜனவரி 7-ம் தேதி சத்யம் கம்ப்யூட்டர்ஸ் ராமலிங்க ராஜு எழுதிய கடிதத்தை நினைத்துப் பாருங்கள். கணக்கில் இருந்த பணத்தில் 5,040 கோடி ரூபாய் நிஜத்தில் இல்லவே இல்லை என்றார். அந்தக் கணக்குகளில் வருஷா வருஷம் ஆடிட்டர் கையெழுத்து இருந்தது. இல்லாமல் போனது கேள்வி கேட்கும் கண்.

எதிர்த்தரப்பு நியாயம் ஒன்று உண்டு. பிழை சொல்கிற எல்லோரும் கண்ணியமாகச் சொல்வதில்லை. லினக்ஸைப் படைத்த லினஸ் டோர்வால்ட்ஸே தன் கடுமையான பேச்சுக்காக 2018 செப்டம்பரில் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டு, கொஞ்ச நாள் ஒதுங்கியிருந்தார். சரிதான். நிரலைத் திட்டலாம், எழுதியவனைத் திட்டக்கூடாது. ஆனால் திட்டுக்கும் திருத்தத்துக்கும் வித்தியாசம் தெரியாமல் இரண்டுக்கும் ஒரே மாதிரி மூஞ்சியைத் தூக்கினால், நஷ்டம் நமக்குத்தான். பாட்டு வகுப்பில் ஸ்வரம் தப்பினால் நிறுத்தித் திருத்துகிற டீச்சருக்கு மாசாமாசம் ஃபீஸ் கொடுக்கிறோம். திருத்தாத டீச்சரை, 'ஒழுங்கா சொல்லித் தரலை' என்று மாற்றுகிறோம். கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்ததும் அந்த நியாயம் எங்கே போய்விடுகிறது?

தரமணியில் டைடல் பார்க் 2000-ல் திறந்தது. கால் நூற்றாண்டு ஆகிவிட்டது. ஓ.எம்.ஆர். முழுக்கக் கண்ணாடிக் கட்டடங்கள். உள்ளே ஓடும் இலவச மென்பொருள்களுக்குக் கணக்கில்லை. ஆனால் ஈமாக்ஸ் என்ற எடிட்டரில் தமிழ் உள்ளிட்ட நம் எழுத்துகளுக்காக 2000-களின் தொடக்கத்தில் உட்கார்ந்து நிரல் எழுதியவர்களில் ஒருவர் கவாபாட்டா தாய்ச்சி என்ற ஜப்பானியர்! நம் கொம்புக்கும் காலுக்கும் கவலைப்பட ஜப்பானிலிருந்து ஆள் வரவேண்டியிருக்கிறது.

ஆகவே என் கோரிக்கைகள் மூன்று. கல்லூரிகளே, எத்தனை அனுப்பினான் என்று எண்ணாதீர்கள். அடுத்தவன் நிரலைப் படித்து உருப்படியாக என்ன கேள்வி கேட்டான் என்று பார்த்து மார்க் போடுங்கள். கம்பெனிகளே, ஓசியில் வாங்கியதற்கு வாரத்தில் நாலு மணி நேரமாவது உங்கள் ஆட்களைச் சம்பளத்தோடு இந்த வேலைக்கு விடுங்கள். அப்பா அம்மாக்களே, உங்கள் பிள்ளையின் பத்து வரிக்கு நாலு கேள்வி வந்தால் கோபப்படாதீர்கள். குட்டுப்பட்டாலும் மோதிரக் கையால் குட்டுப்படவேண்டும் என்றார்கள் நம் பெரியவர்கள். இந்தக் கையில் மோதிரம்கூடக் கிடையாது, கூலியும் கிடையாது. அந்தக் கேள்விகளுக்கு ஒழுங்காகப் பதில் எழுதச் சொல்லுங்கள். பதிலின் முதல் வரியில் 'நன்றி' என்று எழுதச் சொல்லுங்கள்.