வண்டுக்கும் பறவைக்கும் ஒரே பெயர்

நம் ஆய்வுக்கூடங்களில் ஒரு வழக்கம் உண்டு. பூச்சி குப்பிக்குள் போனவுடன் இலத்தீன் பெயர் எழுதிய சீட்டை ஒட்டிவிடுவோம். அப்பூச்சியைப் பிடித்த ஊரில் அதை எப்படி அழைக்கிறார்கள் என்று கேட்பாரில்லை. “பாமரர் இட்ட பெயரில் விஞ்ஞானம் ஏது?” என்று நகைக்கும் நண்பர்கள் சற்றே இதைக் கேட்கட்டும்.

நியூகினித் தீவில் பிடோகுயி என்றொரு பறவை உண்டு. வலையில் சிக்கிய அப்பறவை கீறிய விரலை வாயில் வைத்தபோது நாக்கு மரத்துப்போனதைக் கண்டார் டம்பாக்கர் என்னும் இளம் அமெரிக்க ஆய்வாளர். அதன் தோலிலும் இறகிலும் பாட்ரகோடாக்சின் என்ற நஞ்சு இருப்பதாக அவரும் தோழர்களும் 1992-ல் அறிவித்தனர். நரம்பணுக்களின் சோடியம் வாயில்களை மூடவிடாமல் திறந்தே நிறுத்திவிடும் கொடிய நஞ்சு அது. முன்பே தென்னமெரிக்கத் தவளைகள் சிலவற்றில் கண்டறியப்பட்டது. அத்தவளைகளையே கூண்டில் பிறக்கச்செய்து வளர்த்தால் நஞ்சு இருப்பதில்லை. ஆகவே உணவின் வழியே வருகிறது என ஐயுற்றனர். எந்த உணவு?

விடை ஹெரோவானா என்னும் மலையூர் மக்களின் வாயில் இருந்தது! இஃப்ரிட்டா என்ற இன்னொரு நச்சுப் பறவையை அவர்கள் ‘நனிசனி’ என்பர். தொட்டால் உதடும் முகமும் கூசி மரத்துப்போவதைக் குறிக்கும் சொல் அது. சில மில்லிமீட்டரே உள்ள ஒரு சிறு வண்டுக்கும் அவர்கள் இட்ட பெயர் நனிசனியே. மெலிரிடே என்னும் மென்சிறகுப் பூவண்டுக் குடும்பத்தில் கோரெசின் இனத்தது அது. அவ்வூர் இயற்கை ஆர்வலர் ஆவிட் வாக்கோவின் துணையோடு வண்டுகளைத் திரட்டிச் சோதித்தார்கள். அதே நஞ்சு! பிடோகுயியின் இரைப்பையிலும் அவ்வண்டு அகப்பட்டது. 2004-ல் வெளிவந்த ஆய்வுரையில், ஆசிரியர் வரிசையில் வாக்கோவின் பெயர் இரண்டாவதாக நிற்கிறது. வேறெதையும்விட எனக்குப் பிடித்த செய்தி அதுதான்.

பெயர் ஒன்றே சான்றாகிவிடுமா என்பீர்கள். ஆகாது. இரசாயனச் சோதனை இன்றேல் நனிசனி வெறும் சொல்லே. மேலும், இந்நஞ்சு ஸ்டீராய்டு வகையது. பூச்சிகளோ ஸ்டீராய்டு கருவை அடியிலிருந்து தாமே ஆக்க வல்லன அல்ல. எனவே வண்டுக்கும் அப்பால், ஏதோ செடியிலோ நுண்ணுயிரிலோ இக்கதை தொடரக்கூடும். ஆயினும் அக்காட்டின் எண்ணற்ற பூச்சிகளுள் எதைச் சோதிப்பது என்று காட்டியது அச்சொல்லன்றோ?

பொன்வண்டு, பிள்ளைப்பூச்சி, தட்டான் என நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்லும் பெயர்கள் எத்தனை! விடுமுறைக்கு ஊர் செல்லும் தோழர்களே, கேட்கும் பூச்சிப் பெயரை, அதற்கு அவர்கள் கூறும் காரணத்தோடு குறித்து வாருங்கள். இவ்விதழில் அதற்கு ஒரு பக்கம் ஒதுக்குமாறு சங்கச் செயலாளரை வேண்டுகிறேன். படமும் எடுத்து வந்தால், இலத்தீன் பெயரைத் தேடித்தர எங்கள் துறையில் சிலர் இருக்கிறோம்.