ஆய்வேடு சபைக்குத் திரும்பட்டும்

ஒரு போதகர் முதுநிலை இறையியல் படிக்கப் போகிறார் என்றால் சேகரத்தில் பெரும்பாலும் இரண்டு பேச்சுதான் எழும். பெரிய பதவிக்கு அடி போடுகிறார் என்பார்கள். அல்லது செமினரியில் ஆசிரியராகிவிடுவார், இனி நமக்கு இல்லை என்பார்கள். இன்னும் நல்ல போதகராகத் திரும்பி வருவதற்குத்தான் படிக்கிறார் என்று சொல்பவர்கள் மிகவும் குறைவு. திருப்பணித் துறையில் முதுநிலைப் படிப்பு ஒன்று இருப்பதே சபைக்காகத்தான். ஆஸ்பத்திரிக் கட்டில், துக்க வீடு, ஞாயிறு பள்ளி, புருஷன் பெண்டாட்டி வழக்கு, சாதித் தகராறு இவைதான் அதன் பாடம். அந்தப் படிப்பின் பலன் சபைக்கு வந்து சேரவில்லை என்பதே என் ஆதங்கம்.

இந்தப் பட்டத்தை வழங்கும் அமைப்புகளில் முக்கியமானது செராம்பூர் செனட். வில்லியம் கேரியும் அவருடைய தோழர்களும் 1818-ல் செராம்பூரில் தொடங்கிய கல்லூரிக்கு, 1827-ல் டென்மார்க் அரசர் ஆறாம் ஃபிரெடரிக் பட்டமளிக்கும் சாசனம் கொடுத்தார். 1918-ல் வந்த செராம்பூர் கல்லூரிச் சட்டம் அந்த உரிமையை உறுதி செய்தது. மதுரை அரசரடியில் உள்ள தமிழ்நாடு இறையியல் கல்லூரி, சென்னை குருகுல், பெங்களூரு ஐக்கிய இறையியல் கல்லூரி எல்லாம் இந்தக் குடைக்குக் கீழே வருபவை. பி.டி. என்ற இளநிலைப் பட்டம் முடித்தவர்களுக்கு, எம்.டி.ஹெச். என்ற முதுநிலை இரண்டு ஆண்டுப் படிப்பு: வகுப்புகள், கருத்தரங்கக் கட்டுரைகள், கடைசியில் ஓர் ஆய்வேடு.

செராம்பூருக்கு வெகுகாலம் முன்பே நம் கரையில் இறையியல் கல்வி வேரூன்றிவிட்டது. தரங்கம்பாடியில் மிஷனெரி சீகன்பால்கு 1716-ல் செமினரி தொடங்கினார். அதே ஊரில் 1733-ல் குருப்பட்டம் பெற்ற ஆரோன், அதற்கு முன் உபதேசியாராக உழைத்தவர். ஊழியம் செய்து பழகியவரிடம்தான் குருத்துவத்தை ஒப்படைத்தார்கள். படிப்பும் பணியும் அன்று ஒன்றுக்கொன்று அந்நியமாக இருக்கவில்லை.

பின்னால்தான் ஒரு மேல் கீழ் வந்து சேர்ந்தது. எபிரேயமும் கிரேக்கமும் தேவைப்படும் வேதாகமத் துறைகள் உயர்ந்தவை, திருப்பணித் துறை சற்று இளைத்தது என்ற எண்ணம் மாணவர்களிடம் இன்றும் உண்டு. ஜெர்மானிய இறையியலாளர் ஷ்லையர்மாகர் 1811-லேயே நடைமுறை இறையியலை, அதாவது இந்தத் துறையை, இறையியல் கல்வியின் கிரீடம் என்று வைத்தார். கிரீடம் என்று சொல்லிவிட்டுக் கடைசி வரிசையில் உட்கார வைத்திருக்கிறோம்.

உண்மையில் இந்தத் துறை எவ்வளவு கடினமானது என்பதற்கு ஒரு பயிற்சியைச் சொல்கிறேன். அமெரிக்கப் போதகர் ஆன்டன் பாய்சன் மனநல மருத்துவமனையில் நோயாளியாக இருந்து மீண்டவர். 1925-ல் மாசசூசெட்ஸின் வூஸ்டர் அரசு மருத்துவமனையில் இறையியல் மாணவர்களை வார்டுக்கு அழைத்துப்போய்ப் பயிற்றுவிக்கத் தொடங்கினார். புத்தகங்களைப் போல மனிதர்களும் வாசிக்கப்பட வேண்டிய ஏடுகள் என்பது அவருடைய நம்பிக்கை. அந்த மரபில் வந்த மருத்துவமனை அருட்பணிப் பயிற்சி வேலூர் சி.எம்.சி.யிலும் நடக்கிறது.

பயிற்சியின் உயிர் உரையாடல் பதிவு. நோயாளியிடம் பேசிவிட்டு வந்தவர், இருவரும் பேசியதை நினைவிலிருந்து வார்த்தைக்கு வார்த்தை எழுத வேண்டும். பிறகு அதைச் சக மாணவர்கள் முன் வாசிக்க வேண்டும். விஷம் குடித்த மகனின் கட்டிலருகே ஒரு தாய் நிற்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். "நான் திட்டினதாலதான் இப்படிப் பண்ணிட்டானா, ஐயா?" என்று கேட்கிறாள். "அப்படியெல்லாம் நினைக்காதீங்கம்மா, ஜெபம் பண்ணுவோம்" என்று போதகர் கண்ணை மூடுகிறார். எழுதி வாசிக்கும்போது ஆசிரியர் கேட்பார்: அந்த அம்மா கேள்வி கேட்டாள், நீங்கள் ஏன் பதில் தேடாமல் ஜெபத்துக்கு ஓடினீர்கள்? யாருடைய பயத்துக்காக அந்த ஜெபம்? இருபது வருடம் பிரசங்கித்தவரும் அந்த இடத்தில் வாயடைத்துப் போவார். இலக்கணப் பாடம் எதுவும் இத்தனை ஆழமாக ஒருவரைச் சோதிக்காது.

தமிழ் மண்ணிலிருந்தே எழுந்த முன்மாதிரி ஒன்றும் நமக்கு இருக்கிறது. 2005-ல் மறைந்த ஜேம்ஸ் தியோபிலஸ் அப்பாவு, எல்லோருக்கும் பரட்டை அண்ணன், அரசரடியில் பாடம் நடத்தியவர். ஒடுக்கப்பட்ட மக்களின் நாட்டுப்புற இசையை ஆராதனைக்குள் கொண்டுவந்தார். எல்லோரும் கொண்டுவந்ததை ஒரே உலையில் பொங்கிப் பகிர்ந்து சாப்பிடுவதை இறையியலாகப் பேசினார். தெற்கத்திச் சபைகளில் அசனம் என்ற பொது விருந்தைத் தெரிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 1981-ல் பெங்களூரில் இறையியலாளர் அரவிந்த் நிர்மல் தலித் இறையியலுக்கு அறிவுலகில் குரல் கொடுத்தார். அப்பாவு அதைப் பறையிலும் பந்தியிலும் காட்டினார். கல்லறைத் தோட்டத்திலும் சாதி பார்க்கும் சபைகள் இன்னும் இருக்கிற நாட்டில், நடைமுறை இறையியல் வேறெங்கே தொடங்க முடியும்?

ஆனால் இன்று நடப்பது என்ன? மாணவர் ஒரு கிராமத்துக்குப் போய்க் குடியால் சீரழிந்த குடும்பத்துப் பெண்களிடம் பேசுகிறார். அவர்கள் தமிழில் அழுததை ஆங்கிலத்தில் எழுதுகிறார். ஆய்வேடு கெட்டி அட்டை போட்டு நூலக அலமாரிக்குப் போகிறது. வாய்திறந்து சொன்ன அந்தப் பெண்கள் அதில் ஒரு பக்கத்தைக்கூடப் படித்துப் பார்க்க முடியாது. அவர்களுடைய போதகரும் படிப்பதில்லை. இதை நான் அறிவுச் சுரண்டல் என்றே சொல்வேன். கடுமையான சொல்தான், ஆனால் பொருத்தமானது.

அடுத்தது பணியமர்த்தல். குடும்ப ஆற்றுப்படுத்தலில் முதுநிலை முடித்து வந்தவரைப் பள்ளித் தாளாளராகப் போடுகிறார்கள். சொத்து வழக்குக்கும் கமிட்டித் தேர்தலுக்கும் அவருடைய நாள் போய்விடுகிறது. பெண் போதகர்கள் நிலை இன்னும் வருத்தத்துக்குரியது. தென்னிந்தியத் திருச்சபையில் பெண்கள் குருப்பட்டம் பெறத் தொடங்கி ஏறக்குறைய அரை நூற்றாண்டு ஆகிறது. 2013-ல் நந்தியாலில் புஷ்ப லலிதா பேராயராகவே வந்துவிட்டார். இருந்தும், ஆணிடம் சொல்ல முடியாத துயரத்தைக் கேட்கப் படித்து வந்த பெண்ணுக்குத் தனிச் சேகரம் கொடுக்கக் கை நடுங்கும் நிர்வாகங்கள் உண்டு.

அப்படியானால் என்ன செய்யலாம்? ஆங்கிலத்தை விட்டுவிடச் சொல்லவில்லை. உலக இறையியலோடு பேச அது வேண்டும். ஆனால் திருப்பணித் துறையின் ஆய்வேட்டைத் தமிழில் எழுதுவது இயல்பான வழியாக வேண்டும். ஆங்கிலத்தில் எழுதியே தீர வேண்டுமென்றால், எல்லோரும் படிக்கத்தக்க தமிழ்ச் சுருக்கம் இல்லாமல் பட்டம் தரக் கூடாது. ஆய்வு நடந்த சபையின் முன்னிலையில், பெண்கள் ஐக்கிய சங்கமும் வாலிபர்களும் கேள்வி கேட்கும்படி, அதை ஒரு நாள் வைத்துப் பேச வேண்டும். வாய்மொழித் தேர்வில் பேராசிரியர்களோடு ஒரு செவிலியரோ ஒரு சபை மூப்பரோ உட்காரட்டும். படித்து வந்தவரைக் குறைந்தது மூன்று ஆண்டாவது அந்தத் துறையிலேயே பணியில் வைக்கத் திருமண்டலங்கள் எழுத்தில் உறுதி தரட்டும்.

இதில் எதற்கும் புதுக் கட்டடமோ வெளிநாட்டு நிதியோ தேவையில்லை. செனட்டும் திருமண்டலங்களும் அடுத்த சேர்க்கைக்குள் உட்கார்ந்து பேசி முடிவெடுக்கலாம். சபையாரும் சும்மா இருக்க வேண்டாம். உங்கள் ஆயர் மேற்படிப்பு முடித்து வந்தால், என்ன எழுதினீர்கள் ஐயா, எங்களுக்கு வாசித்துக் காட்டுங்கள் என்று கேளுங்கள்.