வாத்தியார் மகன் வாங்கிய அடி

வீட்டு புரோக்கர்களைப் பற்றி இந்தப் பத்தியில் நான் புலம்பாத மாதம் குறைவு. இந்த வாரமும் விடவில்லை. தங்கை மகனுக்காக மும்பைச் செம்பூரில் ஒரு ‘ஒன் ரூம் கிச்சன்’ பார்க்கப் போனோம். டெபாசிட் எவ்வளவு என்று நாங்கள் கேட்பதற்குள், ‘வெஜ்ஜா, நான்வெஜ்ஜா?’ என்றார் புரோக்கர். அடுத்து சர்நேம். பையன் இனிஷியலைச் சொன்னான். அது போதவில்லை. அப்பா பெயரை முழுசாகச் சொன்னான். அதுவும் போதவில்லை. கடைசியில், ‘மாட்டுங்காக்காரங்களா, தாராவிக்காரங்களா?’ என்று கேட்டாரே பார்க்கலாம்!

அந்தக் கேள்வியில் எல்லாம் அடக்கம். மாட்டுங்கா என்றால் கச்சேரி, பஜனை, 1932-இல் தொடங்கிய எஸ்.ஐ.இ.எஸ். கல்விச் சங்கம், குமாஸ்தா வேலையில் ஏறி வந்த குடும்பங்கள். தாராவி என்றால் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து தோல் பதனிட்டவர்களின் பேரப்பிள்ளைகள். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு நடந்தே போய்விடலாம், சம்பந்தம் பேசத்தான் யாரும் போவதில்லை.

வீடு கிடக்கட்டும். இப்படிக் குலம் விசாரிப்பவர்கள்மேல் கோபம் வந்தால் நான் எடுக்கும் புத்தகம் ஒன்று உண்டு. 

‘பிரதாப முதலியார் சரித்திரம்’, 1879. விக்டோரியா மகாராணி காலத்து நாவல் என்றதும் லண்டன் பனிமூட்டத்தைத் தேடி ஓடுகிறோம். மாயூரத்தில் முன்சீப்பாக இருந்த வேதநாயகம் பிள்ளையும் அந்த மகாராணியின் பிரஜைதான். அவர் கத்தோலிக்கர். எழுதியதோ தொண்டைமண்டல முதலியார் வீட்டுக் கதை. தமிழின் முதல் நாவலில் ஒரு கிறிஸ்தவர் இந்துக் குடும்பத்தின் அடுப்படி வரை போய்வந்திருக்கிறார். எல்லாச் சமயத்தாரும் பாடட்டும் என்று ‘சர்வ சமய சமரசக் கீர்த்தனை’ எழுதியவருக்கு அதில் கூச்சமில்லை. பெண் விஷயத்திலும் தாராளம்: கதாநாயகி ஞானாம்பாள் ஆண் வேஷத்தில் ஒரு நாட்டையே ஆள்கிறாள்.

ஆனால் ஆரம்பத்தில் ஒரு பள்ளிக்கூடக் காட்சி வரும். பிரதாபன் பணக்கார வீட்டுச் செல்லம், பாடம் ஏறாது. அவன்மேல் கை வைக்கக்கூடாது என்பது வீட்டுக் கட்டளை. அதற்காக அடியை வீணாக்க முடியுமா? பிரதாபன் தப்புச் செய்தால் வாத்தியார் தன் பையன் கனகசபையை அடிக்கவேண்டும். தப்பு ஒருத்தனுக்கு, தழும்பு இன்னொருத்தனுக்கு. சம்பளம் வாங்குகிற அப்பா கையாலேயே அந்த அடி விழுகிறது. வர்க்கம் என்றால் என்ன என்று விளக்க எனக்கு இதற்குமேல் ஒரு புத்தகமும் வேண்டாம்.

பிள்ளைவாள் இதை வேடிக்கையாகத்தான் சொல்கிறார். அதையும் மன்னிக்கலாம், சிரிக்கவைத்தே சுடத் தெரிந்த கை. என்னால் செரிக்க முடியாதது பின்னால் வருகிறது. அந்தக் கனகசபை வாத்தியார் மகனே இல்லையாம், பெரிய இடத்துப் பிள்ளையாம்! டிக்கன்ஸும் இதே வேலையைத்தான் செய்தார். ஏழைகள் விடுதியில் இன்னும் கொஞ்சம் கஞ்சி கேட்ட ஆலிவர் ட்விஸ்ட், கடைசியில் கனவான் வீட்டு ரத்தம். அடிபட்டவனுக்கு நியாயம் வேண்டும் என்றால் முதலில் அவன் நல்ல குடியில் பிறந்திருக்கவேண்டும். மதத்தின் கதவை அகலத் திறந்த முன்சீப், குலத்தின் கதவுக்கு மட்டும் தாழ்ப்பாளைத் தொடவில்லை.

டிக்கன்ஸ் பிற்காலத்தில் கொஞ்சம் திருந்தினார். ‘கிரேட் எக்ஸ்பெக்டேஷன்ஸ்’ (1860–61) நாயகன் பிப் கனவானானது ஒரு நாடுகடத்தப்பட்ட கைதியின் காசில். அது தெரிந்ததும் அவனுக்கு வருகிற அருவருப்புதான் நாவலின் உயிர். பெரிய ரத்தம் எதுவும் வந்து அவனைக் காப்பாற்றவில்லை.

தமிழிலும் பெரிய ரத்தம் தேடாத நாவலாசிரியர்கள் பிறகு வந்தார்கள். நாஞ்சில் நாடனின் ‘மிதவை’யில் படித்துவிட்டு வேலை தேடிப் பம்பாய்க்கு வருகிறவன் எந்த ஜமீனின் தொலைந்துபோன வாரிசும் இல்லை. இமையத்தின் ‘கோவேறு கழுதைகள்’ (1994) ஆரோக்கியம் கிறிஸ்தவ வண்ணாத்தி; கடைசி வரை வண்ணாத்திதான். மதம் மாறியும் ஊர்ச்சோறு வாங்கத்தான் போகிறாள். அவள் படுகிற பாட்டுக்கு நாம் மனசு கொடுக்க, பிறப்புச் சான்றிதழை இமையம் காட்டவில்லை.

முன்சீப் அவர்களே, கனகசபையை வாத்தியார் மகனாகவே விட்டிருக்கலாம். அடித்தது தப்பு என்று அப்போதும் நாங்கள் ஒப்புக்கொண்டிருப்போம்.