ஸ்டான்ட்பை சர்வர் ரெடி... அப்புறமும் ஆப் ஏன் முடங்குகிறது?

2021 பிப்ரவரி 24. தேசிய பங்குச் சந்தையில் காலை 11.40-க்கு வர்த்தகம் நின்றது. மீண்டும் தொடங்கியபோது மாலை 3.45. இத்தனைக்கும் இதற்கென்றே ஒரு மாற்று மையம் இருந்தது. ஆனால், அங்கே மாறவில்லை. அடுத்த மாதமே செபி விதியை இறுக்கியது: முக்கிய சிஸ்டம் முடங்கினால் 30 நிமிடங்களுக்குள் 'பேரிடர்' என அறிவிக்க வேண்டும், அதிலிருந்து 45 நிமிடங்களுக்குள் சேவை திரும்ப வேண்டும்.

மாற்று சர்வர் இருப்பது வேறு, எல்லோரும் அதற்கு மாறுவது வேறு. உங்கள் ஆபீஸ் ஆப்பிலும் இதே கதைதான்.

முதன்மை டேட்டாபேஸ் விழுந்ததும் ஸ்டான்ட்பை சில நொடிகளில்கூடப் பொறுப்பேற்கலாம். சரி, ஆப் ஏற்கெனவே திறந்து வைத்திருக்கும் கனெக்‌ஷன்கள்? அவை பழைய சர்வரோடு பிணைந்தவை. புது சர்வருக்கு அவை தானாக நகராது. கரன்ட் போய் நின்ற மெஷின் 'நான் போறேன்' என்று சொல்லிவிட்டா போகும்? ஆப் காத்துக்கொண்டே இருக்கும். லினக்ஸின் இயல்பு அமைப்பில், அனுப்பிய தகவல் போய்ச் சேரவில்லை என்று கைவிடவே சுமார் 15 நிமிடம் ஆகும். கேள்வியை அனுப்பிவிட்டு பதிலுக்கு மட்டும் காத்திருக்கும் கனெக்‌ஷன் என்றால் இன்னும் மோசம்: கீப்அலைவ் போட்டிருந்தாலும் முதல் சோதனை 2 மணி நேரம் கழித்துத்தான்!

இந்த டைம்அவுட்களை நொடிக் கணக்குக்குக் குறைப்பதுதான் முதல் வேலை. போஸ்ட்கிரெஸ் பயன்படுத்துபவர்கள், கனெக்‌ஷன் முகவரியில் இரண்டு சர்வர்களின் பெயரையும் கொடுத்து, 'எதில் எழுத முடியுமோ அதைப் பிடி' என்று சொல்லிவிடலாம். 2017-ல் வந்த 10-வது பதிப்பிலிருந்தே இந்த வசதி உண்டு.

உண்மையான தலைவலி பணம் போகிற இடத்தில்தான். கமிட் அனுப்பியாச்சு, பதில் வருவதற்குள் சர்வர் போச்சு. பதிவானதா இல்லையா? கண்ணை மூடிக்கொண்டு மறுபடி அனுப்பினால் வாடிக்கையாளர் கணக்கில் இரண்டு முறை பணம் கழியலாம். அதனால் ஒவ்வொரு கோரிக்கைக்கும் தனி எண் கொடுத்து, அந்த எண் ஏற்கெனவே பதிவாகியிருக்கிறதா என்று பார்த்த பிறகே திரும்ப முயல வேண்டும். அதிலும் ஒரு சிக்கல்: ஸ்டான்ட்பைக்கு நகல் கொஞ்சம் தாமதமாகப் போகிற அமைப்பென்றால், பழைய சர்வர் 'ஓகே' சொன்ன கடைசி சில பதிவுகளே புதியதில் இருக்காது.

2024 மார்ச் 2, சனிக்கிழமை. பங்குச் சந்தைகள் நிஜ வர்த்தகத்தையே மாற்று மையத்திலிருந்து நடத்திப் பார்த்தன. நல்ல முயற்சிதான். ஆனால், முதன்மை மையத்தின் அமர்வு 10 மணிக்கு முடிந்தது, மாற்று மையத்தின் அமர்வு 11.30-க்குத் தொடங்கியது, நடுவில் ஒன்றரை மணி நேரம். உங்கள் சோதனையில் அந்த அவகாசத்தைக் கொடுக்காதீர்கள். ஷட்டவுன் கமாண்டும் வேண்டாம். அதில் சர்வர் முறையாக விடைபெற்றுத்தான் போகும். லோடு ஓடிக்கொண்டிருக்கும்போதே நெட்வொர்க்கைத் துண்டித்துப் பாருங்கள்.