'இல்லை' என்பதும் ஒரு விடையே

கணினி விளையாட்டு என்றாலே நம் பெற்றோரில் பலர் முகம் சுளிக்கின்றனர். விளையாட்டுக்காக வாதாட நாம் இங்கு வரவில்லை. அதை எழுதும் மொழியில் உள்ள மிகச் சிறியதொரு பகுதியைப் பற்றியே சொல்ல விரும்புகிறோம்.

லுவா என்பது ஒரு நிரல் மொழி. பிரேசில் நாட்டு ரியோ டி ஜெனிரோ நகரில், நம் பள்ளியைப் போன்றே கத்தோலிக்க நிறுவனமான ஒரு பல்கலைக்கழகத்தில், 1993இல் மூவர் இதனை உருவாக்கினர். போர்த்துகீசிய மொழியில் லுவா என்றால் நிலா. இன்று சிறுவர் சிறுமியர் ஆடும் 'ரோப்லாக்ஸ்' விளையாட்டுகள் இதன் வழிவந்த மொழியிலேயே எழுதப்படுகின்றன.

கதவு திறந்துள்ளதா? சாவி கையில் இருக்கிறதா? இத்தகைய கேள்விகளுக்கு 'ஆம்', 'இல்லை' என்னும் இரண்டே விடைகள். இவ்விரண்டை மட்டும் ஏற்கும் தரவு வகைக்குப் பூலியன் என்று பெயர். அயர்லாந்தின் கார்க் நகரில் கணிதப் பேராசிரியராய் இருந்த ஜார்ஜ் பூல் (1815–1864) என்பாரின் பெயரே அது. அவருடைய துணைவியார் மேரியும் பிள்ளைகளுக்குக் கணிதம் கற்பிப்பது பற்றி நூல்கள் எழுதியவர் என்பதை மாணவியர் அறிந்திருத்தல் நன்று.

வியப்பு என்னவெனில், லுவாவில் முதல் பத்தாண்டுகள் பூலியன் வகையே கிடையாது! 'நில்' என்ற ஒன்றே 'இல்லை'க்கும் நின்றது. (நம் மொழியில் 'நில்' என்றால் கட்டளை; அங்கோ 'ஒன்றுமில்லை' என்று பொருள்.) லுவாவின் அட்டவணையில் ஓரிடத்தில் 'நில்' என எழுதினால் அந்தப் பதிவே நீங்கிவிடும். கதவு பூட்டியிருக்கிறது என்பதும், கதவைப் பற்றி எவரும் எதுவும் சொல்லவில்லை என்பதும் ஒன்றாகிவிட்டன. 2003இல் வெளிவந்த ஐந்தாம் பதிப்பில்தான் 'இல்லை' தனக்கென ஓரிடம் பெற்றது.

பூஜ்யத்தையும் லுவா பொய்யாகக் கருதுவதில்லை. சி முதலிய மொழிகளில் பூஜ்யம் பொய்யே. நாம் லுவாவின் பக்கமே நிற்கிறோம். தேர்வெழுதிப் பூஜ்யம் பெற்றவளும் தேர்வுக்கே வராதவளும் ஒருத்தியா? நம் ஆசிரியைகள் மதிப்பெண் பதிவேட்டில் இருவரையும் ஒன்றுபோல் குறிப்பதில்லையே!

ஆயினும் ஒரு பழக்கம் இன்றும் பிழை விளைவிக்கிறது. 'ஆடுபவர் தந்த விடையை வைத்துக்கொள். இல்லையேல் ஆம் என்று வை' என ஒரே வரியில் எழுதிவிடுவார்கள். ஆடுபவர் ஒன்றும் சொல்லாவிட்டால் அவ்வரி சரியாகவே நடக்கும். அவர் 'இசை வேண்டாம்' என்று தெளிவாகச் சொல்லியிருந்தாலோ? அந்த 'வேண்டாம்' என்பதையும் விடையின்மையாகவே கொண்டு, அதன்மேல் 'ஆம்' என்று எழுதிவிடும். இசை முழங்கும்! 'விடை நில் ஆக இருக்கிறதா?' என்று முதலில் கேட்டு, அப்படியிருந்தால் மட்டுமே 'ஆம்' என வைப்பதுதான் முறை. கூடுதலாக இரண்டு வரி ஆகலாம், அவ்வளவே.

அந்த ஒற்றை வரியை நம் வீடுகளிலும் காண்கிறோம் என்பதே நம் கருத்து. பத்தாம் வகுப்பு முடித்த பெண்ணிடம் எந்தப் பிரிவு வேண்டுமெனக் கேட்கிறோம். அவள் பேசாதிருந்தால் சம்மதம் என்கிறோம். 'அறிவியல் வேண்டாம்' என்று சொன்னாலோ, 'அவளுக்கு என்ன தெரியும்?' என்று அதையும் சொல்லாததாகவே கொள்கிறோம். பெற்றோரின் அன்பில் நமக்கு ஐயமில்லை. ஆனால் அவள் சொன்னது ஒரு விடை அன்றோ?

ஆகவே தலைமையாசிரியை அவர்களிடம் ஒரு விண்ணப்பம் வைக்கிறோம். பதினொன்றாம் வகுப்புச் சேர்க்கைப் படிவத்தில் பெற்றோரின் விருப்பத்திற்கு ஒரு கட்டமும், மாணவி தன் கையால் எழுத ஒரு கட்டமும் இருக்கட்டும். அவளுடைய கட்டம் வெறுமையாய் இருந்தால், அதை வேறெவரும் நிரப்புமுன் வகுப்பாசிரியை அவளை அழைத்துக் கேட்கட்டும்.