பாரதியாரை யானை மிதித்துக் கொன்றதா? ஒரு நிமிட வீடியோவில் மாணவர்கள் படிக்கும் சரித்திரம்!

சென்னை,

"பாரதியார் எப்படி இறந்தார்?"

பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகளிடம் இதைக் கேட்டுப் பாருங்கள். பலரிடம் இருந்து பட்டென்று ஒரே பதில்தான் வரும்.

"யானை மிதிச்சு செத்தாரு."

எந்தப் புத்தகத்தில் படித்தாய் என்று கேட்டால், "படிக்கல, பார்த்தேன்" என்பார்கள். செல்போனைத் தூக்கிக் காட்டுவார்கள். அதில் ஒரு நிமிட வீடியோ ஓடும். முண்டாசு, மீசை, பின்னால் பயங்கரமான இசை, பிளிறும் யானை. கடைசியில் கறுப்புத் திரை. கதை முடிந்தது.

பதில் தப்பு. பரீட்சையில் எழுதினால் மார்க் போகும்.

சரித்திரத்தையும் பெரிய மனிதர்களின் வாழ்க்கையையும் குட்டி வீடியோக்கள் மூலம் மாணவ-மாணவிகளுக்குச் சொல்லிக் கொடுப்பது இப்போது எங்கும் பரவி விட்டது. யூ-டியூப் ஷார்ட்ஸ், இன்ஸ்டாகிராம் ரீல்ஸ், வாட்ஸ்-அப் என்று எங்கே தொட்டாலும் ஒரு தலைவர், ஒரு ராஜா, ஒரு விஞ்ஞானி வருகிறார். 2020 ஜூன் 29-ந் தேதி "டிக்-டாக்"குக்குத் தடை வந்தது. அந்த இடத்தை சில மாதங்களிலேயே ரீல்சும் ஷார்ட்சும் பிடித்துக் கொண்டன. மாறுவேடப் போட்டி, பேச்சுப் போட்டி என்றால் வீட்டில் முதலில் தேடப்படுவது வீடியோதான். புத்தகம் அப்புறம்.

இது நல்லதா, கெட்டதா?

யானை என்ன செய்தது?

முதலில் யானை கதையையே எடுத்துக் கொள்வோம். நம்ம ஊரில் நடந்த சம்பவம்.

பாரதியார் கடைசிக் காலத்தில் திருவல்லிக்கேணியில் குடியிருந்தார். "சுதேசமித்திரன்" பத்திரிகையில் உதவி ஆசிரியர் வேலை. பார்த்தசாரதி கோயில் யானைக்குப் பழம், தேங்காய் கொடுப்பது அவர் வழக்கம். ஒரு நாள் யானைக்கு மதம் பிடித்திருந்தது. அது தெரிந்தும் பக்கத்தில் போனார். யானை அவரைத் தள்ளிவிட்டது. காலடியிலேயே விழுந்து கிடந்தார். கூட்டம் எட்டி நின்று பார்த்தது. குவளைக் கண்ணன் என்ற நண்பர் உயிரைப் பணயம் வைத்து உள்ளே பாய்ந்து அவரைத் தூக்கி வந்தார். காயத்துக்கு சிகிச்சை நடந்தது.

ரீல்ஸ் இதோடு முடிந்துவிடுகிறது. பாரதியார் முடியவில்லை.

அவர் தேறி எழுந்தார். மறுபடி பத்திரிகை ஆபீசுக்குப் போனார். 1921 ஜூலை கடைசியில் ஈரோடு பக்கம் கருங்கல்பாளையம் போய் வாசகசாலை ஆண்டு விழாவில் பேசினார். அங்கே அவர் பேசிய தலைப்பே, மனிதனுக்கு மரணமில்லை என்பதுதான். திரும்பி வந்த பிறகு வயிற்றுக்கடுப்பு கண்டது. ஏற்கனவே மெலிந்த உடம்பு, யானை தள்ளிய அதிர்ச்சி வேறு. தாங்கவில்லை. செப்டம்பரில் உயிர் பிரிந்தது. வயது 38.

யானை தள்ளியதற்கும் மரணத்துக்கும் நடுவே மாதக்கணக்கில் இடைவெளி இருக்கிறது. வீடியோ அதை ஒரே வெட்டில் தாண்டிவிட்டது.

தேதியிலும் குழப்பம் உண்டு. ஒரு வீடியோ 11 என்கிறது. இன்னொன்று 12 என்கிறது. பிள்ளைகள் எதை எழுதுவது? இறந்தது நள்ளிரவு தாண்டி சுமார் 1.30 மணிக்கு. கடிகாரக் கணக்கில் அது 12-ந் தேதி. விடிந்தால்தான் மறுநாள் என்பது நம் பழைய கணக்கு. அதன்படி 11-ந் தேதி. 2021-ல் தமிழக அரசு செப்டம்பர் 11-ஐ "மகாகவி நாள்" என்று அறிவித்தது. இரண்டு தேதிக்கும் காரணம் இருக்கிறது. காரணத்தையும் சேர்த்துச் சொன்னால் பிள்ளைகள் சண்டை போட மாட்டார்கள்.

ஒரு நிமிடத்தில் இவ்வளவும் சொல்ல முடியுமா என்று கேட்கலாம். தாராளமாக முடியும். இதோ:

"கோயில் யானை பாரதியாரைத் தள்ளியது. குவளைக் கண்ணன் தூக்கி வந்து காப்பாற்றினார். பாரதியார் தேறினார். வேலைக்குத் திரும்பினார். ஈரோடு போய்ப் பேசினார். பிறகு வயிற்றுக்கடுப்பு வந்தது. 1921 செப்டம்பரில் இறந்தார்."

வாய்விட்டுப் படித்தால் இருபது நொடிதான். மிச்சம் நாற்பது நொடி கையில் இருக்கிறது. ஆக, நேரம் போதவில்லை என்பது சாக்கு.

பின்னே ஏன்?

முதல் மூன்று நொடியில் பார்க்கிறவனைப் பிடிக்க வேண்டும். இல்லாவிட்டால் கட்டை விரலால் தள்ளிவிட்டுப் போய்விடுவான். கடைசி வரை பார்க்கப்படும் வீடியோவை கம்பெனி இன்னும் பல பேருக்குக் காட்டும். "யானை கொன்றது" என்றால் பிடிப்பான். "வயிற்றுக்கடுப்பில் இறந்தார்" என்றால் பிடிப்பானா? 2023 பிப்ரவரி 1-ந் தேதி முதல் ஷார்ட்ஸ் வீடியோவுக்கும் விளம்பர வருமானத்தில் பங்கு கொடுக்கிறது யூ-டியூப். அதன் பிறகு இது ஒரு பிழைப்பாகவும் ஆகிவிட்டது. ஒருத்தர் போட்டது நன்றாக ஓடினால், அதையே மற்றவர்கள் குரல் மாற்றிப் போடுகிறார்கள். பத்து வீடியோவிலும் ஒரே தப்பு. பத்து பேர் சொல்வதால் பிள்ளைகளுக்கு அதுவே நிஜம்.

போர்ட் டிரஸ்ட் குமாஸ்தா

கணித மேதை ராமானுஜன் பாடும் இதே பாடுதான்.

"கணக்கில் பெயிலான பையன், உலக மேதை!" என்று வீடியோ கத்துகிறது. பார்க்கும் பையனுக்கு சந்தோஷம். நாமும் பெயிலானால் என்ன என்று தோன்றும்.

ராமானுஜன் கணக்கில் கோட்டை விடவில்லை. கணக்கு, கணக்கு என்று அதிலேயே கிடந்து, ஆங்கிலம் உள்பட மற்ற பாடங்களைக் கைவிட்டார். கும்பகோணம் கல்லூரியில் உதவித்தொகை போனது. சென்னை பச்சையப்பன் கல்லூரிக்கு வந்தும் எப்.ஏ. பரீட்சை தேறவில்லை. பிறகு வேலை தேடி அலைந்தார். 1912 மார்ச் 1-ந் தேதி சென்னை துறைமுகத்தில், அதாவது போர்ட் டிரஸ்டில், குமாஸ்தாவாகச் சேர்ந்தார். சம்பளம் மாதம் 30 ரூபாய்.

இங்கேதான் வீடியோக்கள் பெரிய அநியாயம் செய்கின்றன. அந்த ஆபீசில் அவருக்கு மேலதிகாரியாக இருந்தவர் நாராயண அய்யர். அவரே கணக்கு வாத்தியாராக இருந்தவர். ராமானுஜனின் நோட்டைப் பார்த்ததும் ஆள் யார் என்று புரிந்து கொண்டார். போர்ட் டிரஸ்ட் சேர்மன் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங்கிடம் எடுத்துச் சொன்னார். அவரும் ஆதரித்தார். 1913 ஜனவரியில் இங்கிலாந்தில் இருந்த பேராசிரியர் ஹார்டிக்குக் கடிதம் போனது. 1914 மார்ச்சில் ராமானுஜன் கப்பல் ஏறினார்.

நாராயண அய்யர் எத்தனை வீடியோவில் வருகிறார்? குவளைக் கண்ணன் எத்தனை வீடியோவில் வருகிறார்? நிமிடக் கணக்குக்காக வெட்டும்போது முதலில் விழுவது கூட நின்றவர்கள்தான். மிச்சம் இருப்பது ஒரே ஒரு கதாநாயகன். யார் துணையும் இல்லாமல் வானத்தில் இருந்து குதித்த மாதிரி.

ஆபீசில் மேஜைக்கு மேஜை நடக்கும் சங்கதி குமாஸ்தாக்களுக்குத் தெரியும். திறமை இருந்தால் மட்டும் போதாது, அதை மேலே எடுத்துச் சொல்ல ஒரு ஆள் வேண்டும். ராமானுஜன் கதையில் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டிய விஷயமே இதுதான். அதுதான் வெட்டுப்படுகிறது.

சினிமா வசனம்

இதெல்லாம் இன்றைக்கு வந்த வியாதி என்று பெரியவர்கள் தப்பித்துக் கொள்ள முடியாது.

கட்டபொம்மன் ஜாக்சன் துரையிடம் பேசிய வசனத்தை மனப்பாடமாக ஒப்பிக்காத தமிழன் உண்டா? பள்ளி ஆண்டு விழாவில் மூன்று தலைமுறையாக முழங்குகிறது. அது 1959-ல் வந்த "வீரபாண்டிய கட்டபொம்மன்" படத்தில் சிவாஜி கணேசன் பேசியது. எழுதியவர் சக்தி கிருஷ்ணசாமி.

நிஜத்தில் கட்டபொம்மன் கலெக்டர் ஜாக்சனை ராமநாதபுரத்தில் சந்தித்தது 1798 செப்டம்பரில். பேச்சு முற்றி கைகலப்பானது. கிளார்க் என்ற வெள்ளைக்கார அதிகாரி கொல்லப்பட்டார். கட்டபொம்மன் தப்பினார். விசாரணை நடந்து, ஜாக்சனின் கலெக்டர் பதவி பறிபோனது. மறு வருஷம், 1799 அக்டோபர் 16-ந் தேதி, கயத்தாறில் கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்டார்.

சினிமாவுக்குக் குறையாத கதை. ஆனால் ஜாக்சன் வேலை போனது எத்தனை பேருக்குத் தெரியும்? வசனம் மட்டும் எல்லோருக்கும் தெரியும். இப்போது அதே சினிமா துண்டை வெட்டி ஒட்டி "உண்மை வரலாறு" என்று தலைப்புப் போடுகிறார்கள்.

ஒரு வித்தியாசம் உண்டு. தியேட்டருக்குப் போனவருக்கு, பார்ப்பது சினிமா என்று தெரியும். டிக்கெட் வாங்கித்தான் உள்ளே போனார். செல்போனில் பார்க்கும் பையனுக்கு, அது பாடமா, சினிமாவா, யாரோ இட்டுக் கட்டியதா என்று தெரிய வழியே இல்லை.

கம்ப்யூட்டர் செய்யும் போட்டோ

இப்போது புதிதாக ஒரு தலைவலி. ஏ.ஐ. என்ற கம்ப்யூட்டர் வித்தையால் படம் செய்கிறார்கள். வேலு நாச்சியார் திரும்பிப் பார்க்கிறார். கட்டபொம்மன் சிரிக்கிறார். "இதுவரை யாரும் பார்க்காத அசல் போட்டோ" என்று சத்தியம் செய்கிறார்கள்.

உலகத்துக்கு போட்டோ பிடிக்கும் முறை அறிவிக்கப்பட்டது 1839-ல், பாரீஸ் நகரில். கட்டபொம்மன் இறந்து 40 வருஷம் கழித்து! அவருக்கோ, அவருக்கு முன்னால் மறைந்த வேலு நாச்சியாருக்கோ "அசல் போட்டோ" இருக்கவே முடியாது. இந்த ஒரு வருஷத்தை நினைவில் வைத்தால் பாதி புளுகு பிடிபடும்.

பாரதியார் விஷயம் வேறு. அவருக்கு அசல் போட்டோக்கள் உண்டு. ஆனால் விரல் விட்டு எண்ணிவிடலாம். இன்று செல்போனில் சுற்றும் பாரதியார்கள் நூற்றுக்கணக்கில் இருக்கிறார்கள். சில வீடியோவில் பேசுகிறார், பாடுகிறார். அது அவர் குரல் அல்ல.

தடை போடலாமா?

அதற்காக வீடியோவே கூடாது என்பது சரியல்ல. சரித்திர புத்தகம் என்றாலே ஓடும் பையன், பஸ்சில் வீடு போய்ச் சேர்வதற்குள் நாலு தலைவர்களைப் பார்த்துவிடுகிறான். எழுத்துக் கூட்டிப் படிக்கத் திணறும் பிள்ளைக்கும் கண்ணும் காதும் உண்டு. 1806 ஜூலை 10-ந் தேதி நடந்த வேலூர் சிப்பாய் கலகத்தைப் பத்து பக்கம் எழுதலாம். கோட்டை மதிலையும் அகழியையும் ஒரு முறை காட்டினால், எப்படி மாட்டிக் கொண்டார்கள் என்று பிள்ளைகளுக்குச் சட்டென்று புரியும். கீழடியில் கிடைத்த பானை ஓட்டில் இருக்கும் எழுத்தை அச்சுப் படத்தில் பார்ப்பதை விட, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிக் காட்டும் வீடியோவில் நன்றாகப் பார்க்கலாம்.

அரசும் சும்மா இல்லை. 2018-ல் வந்த புதிய பாடப் புத்தகங்களிலேயே கியூ.ஆர். கோடு அச்சடித்தார்கள். செல்போனைக் காட்டினால் பாட வீடியோ வரும். 2019 ஆகஸ்டு 26-ந் தேதி கல்வி தொலைக்காட்சி தொடங்கியது. சிக்கல் என்னவென்றால், இவற்றை மாணவன் தேடிப் போக வேண்டும். ரீல்ஸ் அவனைத் தேடி வருகிறது. பாடப் புத்தகத்தைச் சரிபார்க்க ஒரு குழு இருக்கிறது. தப்பு இருந்தால் யாரைக் கேட்பது என்று தெரியும். ரீல்ஸ் போட்டவர் பெயர் கூட பல சமயம் தெரியாது.

வகுப்பில் வீடியோ காட்டும் வாத்தியார்கள் ஒன்று செய்யலாம். ஓடி முடிந்ததும் "அப்புறம் என்ன ஆச்சு?" என்று கேட்கலாம். "இது எந்தப் புத்தகத்துல இருக்கு, கொண்டு வா" என்று தப்பு வீடியோவையே வீட்டுப்பாடமாகக் கொடுக்கலாம். தப்பைக் கண்டுபிடிப்பது என்றால் பிள்ளைகளுக்குக் குஷிதான். வாட்ஸ்-அப்பில் வந்ததை அப்படியே பத்து பேருக்குத் தள்ளிவிடும் அப்பா, மாமாக்களும் தள்ளும் முன் இதே கேள்வியைக் கேட்டுக் கொள்ளலாம்.

சென்னைப் பிள்ளைகளுக்கு இன்னொரு வசதியும் இருக்கிறது. பாரதியார் குடியிருந்த திருவல்லிக்கேணி வீடு அரசு நினைவு இல்லமாக இருக்கிறது. துளசிங்கப் பெருமாள் கோயில் தெருவில் "பாரதியார் இல்லம்" என்று கேட்டால் யாரும் காட்டுவார்கள். பறக்கும் ரயிலில் போகிறவர்கள் திருவல்லிக்கேணி நிலையத்தில் இறங்கி நடந்தே போகலாம். யானை நின்ற பார்த்தசாரதி கோயிலும் பக்கத்தில்தான்.